தாத்தாவின் கோபம் பேரனின் ரத்தத்தில் ஓடுமா?

இந்த முறை எடுத்துக்கொண்டிருப்பது கொங்குப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் 36 வயது வாசகர் எழுதிய ஒன்பது பக்கக் கடிதம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தாத்தா வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டிக் கொன்றுவிட்டு ஆயுள் தண்டனை அனுபவித்தவர். அப்பா வாரத்துக்கு இரண்டு நாளாவது அம்மாவை பெல்ட்டால் அடிப்பாராம். அந்தச் சத்தம் கேட்காமலிருக்க, இவர் கட்டிலுக்கு அடியில் தம்பியின் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பார். நாம் இப்படி ஆகவே கூடாது என்று நினைத்து வளர்ந்தவர். இப்போது அவருக்கு மூன்று வயது நான்கு மாதத்தில் ஒரு மகன். பிளே ஸ்கூலில் மற்ற பிள்ளைகளைக் கடிக்கிறான், பிடித்துத் தள்ளுகிறான் என்று இரண்டு முறை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை இரவு, குடித்திருந்தபோது, சோற்றுத் தட்டைத் தட்டிவிட்ட மகனை இவர் அறைந்திருக்கிறார். தடுக்க வந்த மனைவியைத் தள்ளியதில் அவர் கதவு நிலையில் மோதி, நெற்றியில் மூன்று தையல். மறுநாளே மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

"அந்த ரத்தம் எங்கடா போகும்? உன் மகனும் அப்படியேதான் வர்றான்" என்று சொன்னது வாசகரின் அம்மா. அந்த ஒரு வாக்கியம்தான் தூங்க விடவில்லை என்கிறார். அவர் கேட்பவை இவை: வன்முறை பிறவியிலேயே வருவதா, பழகி வருவதா? 'போர்வீரன் மரபணு' என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எனக்கும் மகனுக்கும் பரிசோதனை செய்யலாமா? இரண்டாவது பிள்ளை வேண்டாமென்று ஆபரேஷன் செய்துகொள்ளட்டுமா? இது ரத்தத்தில் வந்தது, என் கையில் இல்லை என்று நீங்கள் எழுதினால் என் மனைவி புரிந்துகொண்டு திரும்பி வருவாள், எழுதுவீர்களா?

அன்புள்ள தம்பிக்கு,

நடந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். தையல் எத்தனை என்பதுவரை சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் வருகிற பல ஆண்கள் "லேசா கை பட்டுடுச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதனால் நானும் உங்களிடம் நேராகவே பேசுகிறேன். கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில்: அப்படி எழுத மாட்டேன். அது உண்மையில்லை என்பது ஒரு காரணம். அதை உங்கள் மனைவி நம்பினால் அவருக்கு ஆபத்து என்பது அதைவிடப் பெரிய காரணம்.

போர்வீரன் மரபணு

நீங்கள் பார்த்த வீடியோ எம்.ஏ.ஓ.ஏ. என்கிற மரபணுவைப் பற்றியதாகத்தான் இருக்கும். மூளையில் செரடோனின், டோபமின் போன்ற ரசாயனங்களைச் சிதைத்து அளவாக வைத்திருக்கும் ஒரு நொதியை உண்டாக்குவது இந்த மரபணுவின் வேலை. 1993-இல் நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தின் ஆண்கள் சிலருக்கு இந்த மரபணு அடியோடு வேலை செய்யாமல் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு அறிவு வளர்ச்சியும் கொஞ்சம் குறைவு. திடீர் திடீரென்று ஆவேசப்படுவார்கள். அது மிக மிக அரிதான கோளாறு. அந்தக் கதையைத்தான் ஊதிப் பெருக்கி, இந்த மரபணு கொஞ்சம் மந்தமாக வேலை செய்கிற எல்லோருக்கும் 'போர்வீரன்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அந்த மந்தமான வகை ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. மூன்றில் ஒருவர் கத்தியோடு திரியவில்லையே.

இன்னொன்றை அந்த வீடியோக்காரர் சொல்லியிருக்க மாட்டார். இந்த மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆண் பிள்ளைக்கு அப்பாவிடமிருந்து கிடைப்பது ஒய் குரோமோசோம். எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். ஆகவே இந்த மரபணு உங்கள் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து உங்களுக்கும், உங்களிடமிருந்து மகனுக்கும் வந்திருக்க வழியே இல்லை. தாத்தா, அப்பா, மகன், பேரன் என்று நீங்கள் மனதில் போட்டு வைத்திருக்கும் கோட்டில் அது பயணம் செய்யாது. (அப்படியானால் மனைவி வழியில் வந்ததோ என்று தயவுசெய்து ஆரம்பித்துவிடாதீர்கள். அடுத்த பத்தியையும் படியுங்கள்.)

நியூசிலாந்தின் டனீடன் நகரத்தில் 1972-73-இல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அதில் ஆண் பிள்ளைகளின் இந்த மரபணுவையும், அவர்கள் வளர்ந்தபின் நடந்துகொண்ட விதத்தையும் 2002-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மந்தமான வகை இருந்து, சிறு வயதில் அடி உதைக்கு ஆளானவர்கள் வன்முறையில் இறங்குவது கூடுதலாக இருந்தது. அதே வகை இருந்தும் நல்லபடியாக வளர்க்கப்பட்டவர்களிடம் அந்தக் கூடுதல் இல்லை. மரபணு ஒன்றுதான், வீடு வேறு. பிறகு நடந்த ஆய்வுகள் எல்லாமே இதே அளவுக்கு அழுத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த மந்தமான வகை தனியாக நின்று ஒருவரை அடிக்க வைக்கிறது என்று யாருமே காட்டவில்லை. பரிசோதனைக்கு வைத்திருக்கும் பணத்தை வேறு எதற்காவது செலவு செய்யுங்கள். அதன் முடிவை வைத்துக்கொண்டு உங்கள் மகனுக்கு இன்று செய்ய வேண்டியது எதுவும் மாறப்போவதில்லை.

'ரத்தத்தில் இருக்கிறது' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு மனம் பதறுகிறது. அதற்குக் காரணம் உண்டு. நம் மண்ணில் இதைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள். 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம், இன்ன சாதியில் பிறந்தவன் பிறவிக் குற்றவாளி என்று ஏட்டில் எழுதியது. 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்து, ஆண்களை ராத்திரியில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வைத்தது, கைரேகை வாங்கியது. மறுத்து நின்ற உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி சுட்டார்கள். 1947-இல் இங்கே அந்தச் சட்டத்தை ரத்து செய்தபோது யாருடைய ரத்தத்தையும் மாற்றவில்லை. அந்த வீடுகளிலிருந்து ஆசிரியர்களும் டாக்டர்களும் நீதிபதிகளும் வந்தார்கள். ஒரு பிள்ளையைப் பார்த்து 'இது அந்த ரத்தம்' என்பது எவ்வளவு பழைய, எவ்வளவு கொடுமையான பேச்சு என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாம் பழகி வருவதா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. கோபம் பிறவியிலேயே இருக்கிறது. கையை ஓங்கும் திறனும் இருக்கிறது. இதற்கு உங்கள் மகனே சாட்சி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் குழந்தைகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தபோது தெரிந்தது இது: மனிதர்கள் வாழ்நாளிலேயே அதிகமாக அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள்தான். இருபது வயதில் அல்ல. நல்லவேளையாக அந்த வயதில் கையில் பலமில்லை. அதன் பிறகு பெரும்பாலான குழந்தைகளிடம் அது வருடா வருடம் குறைந்துகொண்டே போகிறது. பேச்சு வருகிறது, பொறுக்க வருகிறது, அடிக்காமலே பொம்மையை வாங்கும் வழி தெரிகிறது. ஆக, அடிப்பதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அடிக்காமல் இருப்பதைத்தான் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

உங்கள் மகன் கடிப்பதில் தாத்தா இல்லை. அவனுடைய வயது இருக்கிறது. அதற்கு மேல், அப்பா அம்மாவைத் தள்ளியதைப் பார்த்த பயமும் இருக்கலாம்.

கற்றுக்கொள்வது எங்கே வருகிறது என்றால், யாரை அடிக்கலாம், எப்போது அடிக்கலாம், அடித்த பிறகு என்ன ஆகும் என்பதில். 1961-இல் ஆல்பர்ட் பாண்டுரா என்கிற உளவியலாளர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 72 சின்னக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் குத்துவதையும் சுத்தியலால் அடிப்பதையும் சில குழந்தைகளைப் பார்க்க வைத்தார். பிறகு அந்தக் குழந்தைகளை அதே மாதிரி பொம்மையோடு விட்டபோது அவர்கள் சும்மா அடிக்கவில்லை. பெரியவர் அடித்த மாதிரியே, அவர் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லி அடித்தார்கள். பொம்மையும் மனிதனும் ஒன்றல்ல என்ற மறுப்பு நியாயமானதுதான். ஆனால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: அந்தச் சனிக்கிழமை உங்கள் வாயிலிருந்து வந்தது 'யாருகிட்ட காட்டுற' என்ற வார்த்தை, அது அப்பாவின் வார்த்தை, சொன்ன பிறகுதான் உறைத்தது என்று. எந்த மரபணுவிலும் வார்த்தைகள் இருக்காது, தம்பி.

கென்யாவின் மசாய் மாராவில் ஒரு பபூன் குரங்குக் கூட்டம். பபூன்களின் ஆண்கள் முரட்டுத்தனத்துக்குப் பேர் போனவை. 1980-களின் நடுவில், சுற்றுலா விடுதியின் குப்பையில் கிடந்த கெட்டுப்போன இறைச்சியைத் தின்று, காசநோய் வந்து, அந்தக் கூட்டத்தின் ஆண்களில் பாதிக்கு மேல் இல்லையென்றாலும் பாதி அளவுக்கு இறந்தன. குப்பைக்காக மற்றவற்றோடு முட்டி மோதிச் சண்டை போட்ட முரடர்கள்தான் செத்தவை. மிச்சமிருந்தவை சாதுவானவை. கூட்டமே அமைதியானது. அதில் ஆச்சரியமில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து ராபர்ட் சபோல்ஸ்கி என்ற ஆய்வாளர் பார்க்கும்போது, பழைய ஆண் குரங்கு ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. பபூன்களில் ஆண்கள் வயது வந்ததும் வேறு கூட்டத்துக்குப் போய்விடும். அப்படி வந்த புதியவையும் அந்த அமைதியான பழக்கத்துக்கே மாறியிருந்தன. 'பரம்பரை' என்ற சொல்லுக்குக் குரங்குகளே அவ்வளவு கட்டுப்படவில்லை.

உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு இடங்கள்

ஐந்தாம் பக்கத்தில், ஒரு பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசர் ஊழியர்கள் முன்னால் உங்களைத் திருடன் என்று சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். கை நடுங்கியது, ஆனாலும் சிரித்துக்கொண்டே பில்லைத் திருத்திக் கொடுத்தேன் என்கிறீர்கள். ஏழாம் பக்கத்தில், அதே சனிக்கிழமை சாயங்காலம், பாரில் ஒருவர் இடித்து உங்கள் சட்டையில் கொட்டிவிட்டார். 'பரவாயில்லண்ணே' என்று சொல்லிவிட்டு வந்தேன் என்கிறீர்கள். இரண்டையும் உங்கள் பொறுமைக்குச் சான்றாகத்தான் எழுதினீர்கள். நான் வேறு மாதிரி படித்தேன். உடம்பில் ஓடுவதும் உள்ளே போன குடியும் பாரிலும் வீட்டிலும் ஒன்றுதான். பாரில் கை அடங்கியது. வீட்டில் நீண்டது. ஆபீசரை அடித்தால் ஆர்டர் போகும், பாரில் அடித்தால் திருப்பி விழும். வீட்டில் எதுவும் ஆகாது என்று உங்களுக்குள் எங்கோ பதிந்திருக்கிறது. அதைப் பதித்தது கட்டிலுக்கு அடியில் கேட்ட ஆண்டுகள். அம்மாவை அடித்த மறுநாள் காலையில் அப்பாவுக்குக் காபி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தை கற்றுக்கொண்டது அதைத்தான்.

இதைப் படிக்க வலிக்கும். ஆனால் உங்களுக்கு நம்பிக்கை தருகிற பகுதியும் இதுதான். அடக்கத் தெரிந்த கை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

'அடிபட்டு வளர்ந்தவன் அடிப்பான்' என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் சிறு வயதில் கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான குழந்தைகளை, அப்படி ஆளாகாத குழந்தைகளோடு ஒப்பிட்டு 1989-இல் வந்த ஆய்வு பிரபலம். ஆளானவர்கள் பின்னாளில் வன்முறைக் குற்றத்துக்குக் கைதாவது மற்றவர்களைவிடக் கூடுதல்தான். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் அப்படிக் கைதாகவே இல்லை. உங்கள் தம்பியும் அதே கட்டிலுக்கு அடியில்தான் இருந்தார். இதுவரை யார்மேலும் கை வைத்ததில்லை என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

மனைவி திரும்பி வருவது பற்றி

இது அவருடைய முடிவு. உங்கள் அம்மாவோ, ஊர்ப் பெரியவர்களோ, நானோ சேர்த்து வைக்கிற விஷயம் இல்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டப்படி, நீங்கள் தள்ளியது உடல்ரீதியான வன்முறை. 'தள்ளத்தான் செய்தேன், அடிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை, நெற்றியும் பிரித்துப் பார்ப்பதில்லை. அவர் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவும், ஜீவனாம்சமும், குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். 181 என்ற எண்ணில் பெண்கள் உதவி மையத்தைக் கூப்பிடலாம். இது உங்களை மிரட்டுவதற்கு இல்லை. உங்கள் மனைவி இதைப் படித்தால் அவருக்கும் தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

பிள்ளையைப் பார்க்க அவர் சொல்கிற நேரத்தில், சொல்கிற இடத்தில், யார் கூட இருக்க வேண்டும் என்கிறாரோ அவரை வைத்துக்கொண்டு பாருங்கள். தினம் இருபது மிஸ்டு கால், மாமனார் வீட்டு வாசலில் நிற்பது, 'நீ வரலைன்னா செத்துருவேன்' என்று மெசேஜ் அனுப்புவது எல்லாம் மன்னிப்புக் கேட்பதாகத் தோன்றும். எதிரில் இருப்பவருக்கு அதுவும் நெருக்கடிதான். எட்டாம் பக்கத்தில் அந்த மெசேஜ் பற்றி இருக்கிறது. அது உண்மையான நினைப்பாக இருந்தால் இன்றே 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

ஆபரேஷன் பற்றி: இரண்டாவது பிள்ளை வேண்டுமா என்பது நீங்கள் இருவரும் சேர்ந்து நிதானமாகப் பேசி முடிவு செய்வது. ரத்தத்தைக் காரணம் காட்டி, குற்ற உணர்ச்சியில், மனைவி வீட்டில் இல்லாத நேரத்தில் எடுக்கிற முடிவாக அது இருக்க வேண்டாம்.

இனி செய்ய வேண்டியவை

குடியை நிறுத்துங்கள். குறைப்பது வேண்டாம். குடி உங்களை அடிக்க வைக்கவில்லை என்று மேலே சொன்னேன். ஆனால் யோசிக்கிற அந்த அரை நொடியை அது பிடுங்கிக்கொள்கிறது. தினமும் குடிக்கிற பழக்கம் இருந்தால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

கோபத்தை இறக்கி வைக்க பாக்ஸிங் பை வாங்கி மாட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கழற்றிவிடலாம். கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியதே தவிர இறங்கவில்லை என்று 2002-இல் ஒரு சோதனையில் தெரியவந்தது. உள்ளே இருப்பதைக் கொட்டினால் காலியாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். குத்தக் குத்தப் பழக்கம்தான் வளர்கிறது. அதற்குப் பதிலாக, கோபம் உங்கள் உடம்பில் எங்கே முதலில் தெரிகிறது என்று ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள். சிலருக்குக் காது சுடும், சிலருக்குத் தாடை இறுகும். அது தெரிந்த உடனே அந்த இடத்தை விட்டு வெளியே போக வேண்டும். 'அரை மணி நேரத்தில் வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்னபடி வர வேண்டும். கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போவது கணக்கில் சேராது.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடர்ந்து ஆலோசனைக்குப் போங்கள். இரண்டு தடவை போய்விட்டு 'சரியாகிவிட்டேன்' என்று மனைவியிடம் சொல்லாதீர்கள். மாறினீர்களா என்பதைச் சொல்ல வேண்டியவர் அவர்.

மகனைப் பார்க்கும்போது அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, 'அப்பா உன்னை அடிச்சது தப்பு, அம்மாவைத் தள்ளினதும் தப்பு' என்று சொல்லுங்கள். 'நீ தட்டைத் தட்டிவிட்டதால்' என்று கூடவே சேர்த்துவிடாதீர்கள். அவன் கடித்தால் கையை மென்மையாகப் பிடித்து, 'கடிக்கக் கூடாது, வலிக்கும்' என்று ஒரே வரி. பிறகு, 'எனக்கு வேணும்னு கேளு' என்று வார்த்தை கொடுங்கள். திருப்பிக் கடிக்கச் சொல்கிற சொந்தக்காரர்களையும், வாயில் மிளகாய் தேய்க்கச் சொல்கிறவர்களையும் அண்ட விடாதீர்கள். பசியிலும் தூக்கத்திலும்தான் பெரும்பாலும் கடி வரும். பிளே ஸ்கூலில் எந்த நேரத்தில் கடிக்கிறான் என்று கேளுங்கள். பேச்சு அவன் வயதுக்குக் குறைவாக இருந்தாலோ, ஐந்து வயதைத் தாண்டியும் அடிப்பது குறையாவிட்டாலோ குழந்தை வளர்ச்சி நிபுணரிடம் காட்ட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே டி.இ.ஐ.சி. என்ற மையங்கள் இருக்கின்றன.

அம்மாவிடமும் ஒன்று பேச வேண்டும். அவர் வாழ்நாள் முழுக்க அடி வாங்கியவர். 'ரத்தம்' என்று சொன்னது உங்களைக் குத்துவதற்காக இருக்காது; தன் புருஷன் தன்னை ஏன் அடித்தார் என்பதற்கு அவருக்குக் கிடைத்த ஒரே விளக்கம் அதுவாக இருந்திருக்கும். அதை அவரிடமிருந்து பிடுங்க வேண்டாம். பேரன் காது கேட்க மட்டும் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், பிறகு நினைவு வந்து சேர்த்த மாதிரி, அப்பா புறா வளர்த்ததை எழுதியிருக்கிறீர்கள். நோய் வந்த குஞ்சை உள்ளங்கையில் வைத்து, ஊறவைத்த கம்பை ஒவ்வொன்றாக ஊட்டுவார், ஒரு குஞ்சுக்கு ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்திருப்பார் என்று. அதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை என்கிறீர்கள். ஆலோசனைக்குப் போகும் முதல் நாள், தாத்தாவின் கொலையையும் பெல்ட்டையும் சொல்லும்போது, அந்தப் புறாவையும் சொல்லுங்கள்.